கதவரசி உட்காரும் ஜன்னல்

வீடு கட்டுவதைப் பற்றி எல்லோருக்கும் ஒரு கருத்து உண்டு. சமையலறை எந்தப் பக்கம், படிக்கட்டு எவ்வளவு அகலம், தரைக்கு என்ன கல் என்று கேட்காமலே வந்து சொல்வார்கள். கதவு ஜன்னலைப் பற்றி மட்டும் யாரும் வாயைத் திறப்பதில்லை. அவை தாமாக நடந்து வந்து சுவரில் உட்கார்ந்துகொள்ளும் என்று நினைப்பு போலும். அப்படி அவற்றை உட்கார வைப்பதற்கென்றே அந்தச் சிறிய கட்டட வடிவமைப்பு அலுவலகத்தில் ஒருத்தி இருந்தாள்.

அலுவலகத்தில் அவளைக் கதவரசி என்று கூப்பிடுவார்கள். முதலாளியம்மா கிண்டலாக வைத்த பெயர். வைத்தவர் கிண்டலை மறந்து பல காலம் ஆகிவிட்டது, பெயர் ஒட்டிக்கொண்டது. மற்றவர்கள் கம்ப்யூட்டரில் சுவரும் கூரையும் எழுப்பிவிட்டுப் போவார்கள். ஒவ்வொரு கதவுக்கும் ஜன்னலுக்கும் பக்கத்தில் ஒரு வட்டமோ அறுகோணமோ போட்டு, அதற்குள் டி-3, டபிள்யூ-5 என்று அடையாளம் வைப்பது அவள் வேலை. டேக் என்று அதற்குப் பெயர். டேக்குக்குச் சொந்த புத்தி கிடையாது. கதவு தன்னிடம் என்ன விவரம் வைத்திருக்கிறதோ அதை எட்டிப் பார்த்து அப்படியே சொல்லும். விவரம் எதுவும் இல்லையென்றால் ஒரு கேள்விக்குறியைப் போட்டுவிட்டுச் சும்மா இருக்கும்.

அவள் நாற்பதைத் தாண்டியவள். அண்ணன் வீட்டில் இருந்தாள். அண்ணன் நல்லவர், அண்ணி அதைவிட நல்லவள். இதைச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் அண்ணி என்றாலே பல்லைக் கடிக்கும் வாசகர்கள் இருக்கிறார்கள். குறை அவர்களிடம் இல்லை, வீட்டிடம் இருந்தது. பால்கனிக்குப் போகும் வழியே அவளுடைய அறைதான். துணி காயப்போட, துணி எடுக்க, மழை வருகிறதா என்று பார்க்க, போனில் சிக்னல் கிடைக்க என்று எல்லோரும் அவள் கட்டிலைச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். அறைக்கு இரண்டு கதவு, இரண்டும் எப்போதும் திறந்தே இருக்கும். இருந்த ஒரே ஜன்னலை அலமாரி மறைத்துக்கொண்டிருந்தது.

"உன் ரூம் வழியா போயிட்டு வந்தாதான் எனக்கு நடைப்பயிற்சியே," என்பாள் அண்ணி, ஈரத்துணி வாளியோடு.

"டிக்கெட் போடணும் போலிருக்கு," என்பாள் இவள்.

இருவரும் சிரிப்பார்கள். சிரித்து முடித்த பிறகு அவள் காலை மடக்கிக்கொண்டு வாளிக்கு வழி விடுவாள். அவள் வயதில் ஒருத்தி காலை நீட்டி உட்கார ஓர் இடம் இல்லாமல் இருந்தாள் என்பதுதான் விஷயம். அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் அண்ணி அழுதுவிடுவாள்.

லிஃப்ட்காரர் அலுவலகத்துக்கு முதல் தடவை வந்தது ஒரு சனிக்கிழமை காலையில். லிஃப்ட் பழுது பார்ப்பது அவர் தொழில். அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் இருந்தும் படியேறித்தான் வந்தார். மூச்சு வாங்கியது.

"ஏங்க, லிஃப்ட் வேலை செய்யலையா?" என்று கேட்டாள்.

"செய்யுதுங்க. வாரம் முழுக்க அதுக்குள்ளதான் இருக்கேன். லீவு நாள்லயுமா?"

நகத்தின் ஓரத்தில் எண்ணெய்க் கறுப்பு, தேய்த்துத் தேய்த்துக் கழுவியும் போகாதது. பேச்சு மெதுவாக வரும், ஒவ்வொரு வார்த்தைக்கும் முன்னால் கொஞ்சம் நின்று யோசிப்பார். மனைவி இறந்து பல வருடங்கள். மகள் வேறு ஊரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். ஊர் எல்லையில் ஒரு சின்ன மனை வாங்கியிருந்தார். முதலாளியம்மா வழக்கமான கேள்விகளைக் கேட்டார், எத்தனை அறை, எத்தனை மாடி என்று. எல்லாவற்றுக்கும் "நீங்க பாத்துச் செய்யுங்க" என்றார். எத்தனை ஜன்னல் என்று கேட்டபோது மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எத்தனை முடியுமோ அத்தனை. லிஃப்ட் போற குழிக்குள்ள ஜன்னலே கிடையாதுங்க. மேலே பாத்தாலும் கயிறு, கீழே பாத்தாலும் கயிறு. எல்லா ஜன்னலும் ஒரே மாதிரி, பெரிசா இருக்கட்டும். குளியலறையிலயும்."

"குளியலறைக்குச் சின்னது போதுமே," என்றார் முதலாளியம்மா.

"அங்கயும் நான்தானேங்க குளிக்கப் போறேன்."

முதலாளியம்மா அப்படியே குறித்துக்கொண்டார். ஒரே அளவில், இரண்டு மடலோடு, அதாவது இரண்டு கதவாகத் திறக்கும்படி, கொசுவலை போட்ட ஜன்னல் என்று முடிவாயிற்று. குளியலறைக்கு மட்டும் புகைக் கண்ணாடி.

அடுத்த சனிக்கிழமை படத்தைக் காட்டியபோது அவர் தாளை ஓரத்திலிருந்து ஓரம்வரை பார்த்தார். பிறகு விரலை ஒரு வட்டத்தின் மேல் வைத்தார். அதற்குள் ஒரு கேள்விக்குறி இருந்தது. அவள் நிரப்ப விட்டுப்போன கதவு.

"இந்தக் கதவுக்கு என்னங்க சந்தேகம்?"

அவள் சிரித்துவிட்டாள். முதலாளியம்மா போனில் யாரையோ திட்டிக்கொண்டிருந்ததால் கவனிக்கவில்லை.

"எனக்கு இந்த நம்பர் ஒண்ணும் புரியலைங்க. டபிள்யூ அஞ்சுன்னா எது? காத்து வர்றதா, வெயில் வர்றதா? நம்பரைப் பாத்து எனக்கு வீடு தெரிய மாட்டேங்குது," என்றார் அவர். குற்றம் சொல்லும் குரலில் இல்லை. தன் மேலேயே வருத்தப்படுகிற மாதிரிதான் சொன்னார்.

அன்று மதியம் அவள் டேக்கைப் பிரித்துப் போட்டாள். அலுவலகத்தின் அறுகோணத்தைத் திறந்து, நம்பரைத் தூக்கி எறிந்து, அறுகோணத்தை அகலமான பெட்டியாக இழுத்து, உள்ளே இரண்டு வரி வரும்படி செய்தாள். மேல் வரி அந்த ஒரு ஜன்னலின் சொந்தக் குறிப்பு. கீழ் வரி அந்த ஜன்னலின் வகைக்கான குறிப்பு, அதாவது இரண்டு மடல், கொசுவலையுடன் என்பது. வகைக் குறிப்பை ஒரு தடவை எழுதினால் போதும், அந்த வகை ஜன்னல் எல்லாவற்றுக்கும் போய்ச் சேர்ந்துவிடும். எழுத்து எந்தப் பக்கம் சுவர் திரும்பினாலும் நேராகவே நிற்கும்படி ஒரு பொத்தானையும் தட்டினாள். பிறகு ஒவ்வொரு ஜன்னலாகப் போய் அதற்குப் பேச வாய் கொடுத்தாள்.

காலை வெயில் முதலில் வரும் ஜன்னல். மழை வந்தால் ஓடிப்போய் மூட வேண்டியது. சமைக்கிறவர் வாசலைப் பார்க்க. கதவுகளுக்கும் அப்படியே. யார் வந்தார்கள் என்று செருப்புச் சத்தத்தில் தெரியும் கதவு. மகள் உள்ளே தாழ் போட்டுக்கொள்ளும் கதவு, தட்டிவிட்டு வரவும்.

அடுத்த வாரம் லிஃப்ட்காரர் அதைப் படித்தார். உதடு அசைய, ஒவ்வொன்றாக. படித்து முடித்து, முதல் ஜன்னலுக்குத் திரும்பிப் போய் மறுபடியும் படித்தார்.

"இப்ப வீடு தெரியுதுங்க," என்றார்.

அதற்குப் பிறகு சனிக்கிழமைகளின் நிறமே மாறிவிட்டது. ஏதாவது ஒரு சாக்கில் அவர் வருவார். இந்தக் கதவு உள்பக்கம் திறக்குமா வெளிப்பக்கமா என்பார். அவள் திறந்து காட்டுவாள், திரையில்தான். இரண்டு பேரும் ஒரு கதவு திறப்பதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருப்பார்கள். முதலாளியம்மாவுக்கு நேரம் வீணாகிறதே என்று வயிறு எரியும். ஆனாலும் வாடிக்கையாளர், எதுவும் சொல்ல முடியாது.

அவளுக்கோ அந்த வீடு கூடவே வர ஆரம்பித்தது. பஸ்ஸில் உட்கார்ந்தால் ஜன்னலுக்கு மேல் ஒரு பெட்டி மிதந்தது, காற்று பிடிக்காதவர் அடித்துப் பிடித்து உட்காரும் ஜன்னல் என்று. வங்கிக் கதவின் மேல், எல்லோரும் தள்ளுவார்கள், இழுத்தால்தான் திறக்கும். அண்ணன் அறைக் கதவில், செய்தி முடியும்வரை தட்ட வேண்டாம். தெருமுனையில் பூட்டியே கிடக்கும் கடையின் ஷட்டருக்கு மேல் வெறும் கேள்விக்குறி. நடந்துபோகும்போது ஊரே மெல்லிய எழுத்துகளைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நின்றது. அவள் அவற்றைப் படித்துக்கொண்டே நடந்து, தன் வீட்டைத் தாண்டிப் போய்விட்டு, அசட்டுச் சிரிப்போடு திரும்பி வருவாள்.

"சனிக்கிழமைன்னா மட்டும் புது உடுப்பு," என்றாள் அண்ணி, வாளியோடு அறையைக் கடந்தபடி.

"பழசெல்லாம் துவைச்சுப் போட்டிருக்கேன் அண்ணி."

"துவைக்கிறது நானு. எனக்குத் தெரியாதா?"

மேலே ஒன்றும் கேட்காமல் அண்ணி பால்கனிக்குப் போய்விட்டாள்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அலுவலகம் கண்ணயரும் நேரத்தில் அவள் அந்த வீட்டுக்குள் போவாள். மென்பொருளில் ஒரு கேமராவை எங்கு வேண்டுமானாலும் நிறுத்தலாம். நிற்கிறவர் கண் உயரத்தில் வைப்பதுதான் வழக்கம். அவள் அதைக் கீழே இறக்கினாள், உட்கார்ந்திருப்பவள் கண் உயரத்துக்கு. மேற்குப் பக்க ஜன்னலடியில் வைத்தாள். சூரியனை நாலு மணிக்குத் திருப்பினாள். வெயில் ஜன்னல் வழியாக வந்து தரையில் சாய்வாக விழுந்தது. அவள் காலை நீட்டினாள், மேஜைக்கு அடியில்தான், ஆனால் வெயில் கால்விரலில் பட்டது. நிஜமாகவே பட்டது என்று அவள் கோர்ட்டில் கூடச் சொல்வாள். உள்ளே எங்கோ ஒருவர் எண்ணெய்க் கறுப்புப் போகச் சோப்புப் போட்டுக் கை கழுவும் சத்தம் கேட்டது. தண்ணீர் வெகுநேரம் ஓடியது. கை துடைத்துக்கொண்டு அவர் வருவதற்குள் யாராவது, டீ வேணுமா என்று அலுவலகத்தில் எழுப்பிவிடுவார்கள்.

மறைக்க ஒன்றுமில்லை, அவளுக்கு அந்த மனிதரைப் பிடித்திருந்தது. அந்த வீட்டில், அந்த ஜன்னலடியில், தனக்கு ஓர் இடம் வேண்டும் என்று இருந்தது. இதைக் கேட்கும் தைரியம் அவளுக்கு இல்லை. அவருக்கு இருக்கிறதா என்றும் தெரியவில்லை. கட்டுவதற்கான கடைசித் தாள்கள் கிளம்பிவிட்டால் அவருக்கு அலுவலகத்தில் வேலை முடிந்தது. வாங்க, போங்க என்பதோடு எல்லாம் முடிந்துவிடும். அதன் பிறகு அவள் அலமாரிக்குப் பின்னால் இருக்கும் ஜன்னலோடுதான் காலம் தள்ள வேண்டும்.

தாள்கள் கிளம்ப வேண்டிய நாள் வந்தது. காலையில் குளியலறைப் புகைக் கண்ணாடியைப் பற்றி ஒரு சொல் சேர்ப்பதற்காக வகைக் குறிப்பின் பெட்டியைத் திறந்தாள், வேண்டாம் என்று விட்டாள், ஆனால் மூடவில்லை. மதியம் வழக்கம்போல மேற்கு ஜன்னலடியில் போய் உட்கார்ந்தாள். இதுதான் கடைசி மதியம். ஒரே ஒரு தடவை எழுதிப் பார்க்கலாம், பிரிண்ட் எடுப்பதற்கு முன் அழித்துவிடலாம் என்று தோன்றியது. திறந்திருந்த பெட்டியில் தட்டினாள்:

கதவரசி உட்காரும் ஜன்னல்.

படத்தில் அந்த ஒரு ஜன்னலை மட்டும் திரை நிறையப் பெரிதாக்கிப் பார்த்தாள். மேல் வரியில், மாலை வெயில் கடைசியாகப் போகும் இடம். கீழ் வரியில் அவள். கொசுவலை எங்கே போயிற்று என்று ஒரு கணம் யோசித்திருந்தால் தெரிந்திருக்கும். அவள் யோசிக்கிற நிலையில் இல்லை. இரண்டு வரியும் எவ்வளவு பொருத்தமாக இருக்கின்றன என்று பார்த்துக்கொண்டிருந்தாள். வகைக் குறிப்பில் எழுதிவிட்டோம் என்பது உறைக்கவே இல்லை.

அப்போது அண்ணியிடமிருந்து போன். பல்வலி உயிர் போகிறது, அண்ணன் போனை எடுக்கவில்லை, உடனே வா. கையில் கிடைத்த பையை எடுத்துக்கொண்டு ஓடினாள். பல் மருத்துவரிடம் அண்ணி அவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு முனகிக்கொண்டிருந்த அதே நேரத்தில், லிஃப்ட்காரர் வேலை சீக்கிரம் முடிந்ததென்று அலுவலகத்துக்கு வந்தார். முதலாளியம்மா ஒரு காதில் போனோடு, படித்துப் பார்க்காமல், பெரிய பிரிண்டரில் தாள்களை எடுத்துச் சுருட்டிக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்.

மறுநாள் காலையில் அவள் மேஜை மேல் ஒரு பிரதி கிடந்தது. பார்த்ததும் அழிக்க மறந்தது நினைவுக்கு வந்தது. மேற்கு ஜன்னலைத் தேடினாள். இருந்தது. சரி, ஒரு ஜன்னல்தானே, கண்ணில் படாமல் போகலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். பிறகு பக்கத்து ஜன்னலைப் பார்த்தாள். காலை வெயில் முதலில் வரும் ஜன்னல், கதவரசி உட்காரும் ஜன்னல். அதற்கடுத்தது. மழை வந்தால் ஓடிப்போய் மூட வேண்டியது, கதவரசி உட்காரும் ஜன்னல். சமையலறை, கூடம், மகள் அறை, மாடிப்படித் திருப்பம், வீட்டைச் சுற்றி எங்கே பார்த்தாலும் அவள் உட்கார்ந்திருந்தாள். கடைசியாகக் குளியலறை. அங்கேயும் விடவில்லை.

பூமி பிளக்கவில்லை. பிளந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் மாடிப்படிக்குப் போய் நின்றுகொண்டு லிஃப்ட்காரருக்குப் போன் செய்தாள்.

"சார், நேத்து குடுத்த தாள்ல ஜன்னல் குறிப்பு தப்பா விழுந்திருக்கு. திருத்தி அனுப்பறேன். பழசைக் கிழிச்சுப் போட்டுடுங்க."

அந்தப் பக்கம் எங்கோ ஒரு லிஃப்ட் வந்து நின்று மணி அடித்தது.

"படிச்சுட்டேனேங்க," என்றார்.

"அது... மென்பொருள் பண்ணின கோளாறுங்க. ஒண்ணுல எழுதினா எல்லாத்துலயும் ஏறிடும்."

"ஓ. மென்பொருளா."

"ஆமாங்க."

"சரிங்க," என்றார். போன் நின்றது.

அவர் "சரிங்க" என்றதில் என்ன இருந்தது என்று அவள் அன்று முழுக்க யோசித்தாள். எல்லாத்துலயும் ஏறிடும் என்று சொன்னோமே, அந்த ஒண்ணில் எழுதியது யார் என்று கேட்டிருக்கலாமே மனிதர். கேட்கவில்லை. கேட்கிறவரைக் கேட்க விடாமல் செய்ததும் அவளேதான். வாழ்நாளில் ஒரே ஒரு கதவு திறந்தது, அதையும் தன் கையாலேயே சாத்தினாள் என்று தன்னைத் திட்டிக்கொண்டாள்.

திருத்திய தாள் அன்றே போயிற்று. படத்தில் மாற்றிய இடங்களைச் சுற்றி மேகம் போல ஒரு கோடு போடுவது அந்தத் தொழிலின் வழக்கம், கட்டுகிறவர் கவனிக்க வேண்டுமென்று. அவள் ஒவ்வொரு ஜன்னலுக்கும் மேகம் போட்டாள். வீட்டைச் சுற்றிலும் மேகம் கட்டிக்கொண்டது. உள்ளே இரண்டு மடல், கொசுவலையுடன் என்று மட்டும் இருந்தது. ஜன்னல் குறிப்பில் சின்னத் திருத்தம் என்று முதலாளியம்மாவிடம் சொன்னாள். அவர் கையெழுத்துப் போட்டார்.

அடுத்த சனிக்கிழமை லிஃப்ட்காரர் வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை. அவளும் டேக்கைப் பழையபடி அறுகோணமாக்கி நம்பரைப் போட்டுவிட்டு, ஒரு பள்ளிக்கூடத்தின் கதவுகளை எண்ணிக்கொண்டிருந்தாள். பஸ் ஜன்னல்களுக்கு மேல் எதுவும் மிதக்கவில்லை. அண்ணிக்குப் பல் சரியாகிவிட்டது. பழைய உடுப்போடு சனிக்கிழமை கிளம்பியவளை அண்ணி பார்த்தாள், கிண்டல் செய்யவில்லை. அதுதான் அவளுக்கு அதிகம் வலித்தது.

வெயில் தணிந்த ஒரு மாலையில் முதலாளியம்மா, "கதவரசி, கிளம்பு. அந்த லிஃப்ட்காரர் வீட்டுல சுவர் ஜன்னல் மட்டத்துக்கு வந்திருக்காம். உயரம் பாத்துட்டு வந்துடலாம்," என்றார். தலைவலி என்று சொல்லிப் பார்த்தாள். முதலாளியம்மா மாத்திரையை எடுத்து நீட்டினார்.

கூரை இல்லாத வீடு அப்படித்தான் இருக்கும், பாதி கனவில் எழுப்பிவிட்ட மாதிரி. சுவர்கள் மார்பளவில் நின்றிருந்தன. ஜன்னல்கள் இருக்க வேண்டிய இடங்களில் வெறும் இடைவெளி, இடைவெளி முழுக்க வானம். வாசல் வழியாக உள்ளே காலை வைத்தாள். திரும்ப வேண்டிய இடத்தில் கால் தானாகத் திரும்பியது. இத்தனை மதியங்கள் நடந்த வீடு, ஈரச் சிமெண்ட் வாசனை மட்டும் புதிது. கூடத்துக்குள் வந்தவள் அப்படியே நின்றாள்.

ஒவ்வொரு இடைவெளிக்கும் கீழே, உள்பக்கமாக, செங்கல்லில் ஓர் அகலத் திண்டு கட்டியிருந்தது. உட்காரும் உயரத்தில்.

"என்ன இது?" என்றார் முதலாளியம்மா. "இந்தத் திண்டெல்லாம் யாரு கட்டச் சொன்னது? படத்துல இல்லையே."

கொத்தனார் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். பருத்த மனிதர், எதற்கும் பதறாதவர்.

"இருக்குதுங்களே," என்று மடித்து வைத்திருந்த தாளை விரித்தார். "பாருங்க. எல்லா ஜன்னல்லயும் எழுதியிருக்கு, கதவரசி உட்காரும் ஜன்னல்னு. ஆளு உக்காரணும்னா திண்டு வேணாமா? கட்டியாச்சு." பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். யாருங்க இந்தக் கதவரசி? வீட்டுக்காரரோட தங்கச்சியா? குளியலறையில கூட உக்காருவாங்களாமே. அங்க அப்படி என்ன வேடிக்கை?"

முதலாளியம்மா தாளைப் பார்த்தார். தாளிலிருந்து கண்ணை எடுத்து அவளைப் பார்த்தார்.

அவள் தப்பிக்க வழி இருந்தது. இது ரத்தான தாள், திருத்தியது வேறு, பழையதை வைத்துக் கட்டியது கொத்தனாரின் தவறு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். காகிதப்படி அதுதான் உண்மை. திண்டுகளை இடிப்பார்கள், அவளை யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். அந்த வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. அப்போது படிக்கட்டுக்காக விட்டிருந்த இடத்தின் பக்கத்தில் லிஃப்ட்காரர் நிற்பதைப் பார்த்தாள். எப்போது வந்தாரோ தெரியாது. வேலை உடுப்பிலேயே இருந்தார். எல்லாவற்றையும் கேட்டிருந்தார் என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. ஆனாலும் உதவிக்கு வரவில்லை. அவள் என்ன சொல்லப் போகிறாள் என்று அவரும் காத்துக்கொண்டிருந்தார்.

"அது நான்தான்," என்றாள் அவள்.

"எது நீதான்?" என்றார் முதலாளியம்மா.

"கதவரசின்னு எழுதினது நான்தான் மேடம். மென்பொருள் எதுவும் பண்ணல. ஒரு ஜன்னல்ல எழுத நினைச்சேன், வகையில எழுதிட்டேன்." லிஃப்ட்காரரைப் பார்த்தாள். "சார்கிட்டயும் பொய் சொல்லிட்டேன். கொத்தனார் பாவம், அவரைத் திட்டாதீங்க."

கொத்தனார் அவளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்துவிட்டு, "ஓ, நீங்கதானா," என்றார் திருப்தியோடு.

லிஃப்ட்காரர் கிட்டே வந்தார். வழக்கம்போலக் கொஞ்சம் நின்று, யோசித்து, முதலாளியம்மாவைப் பார்த்து ஆரம்பித்தார்.

"கொத்தனாருக்கு ஒண்ணும் தெரியாதுங்க. ரெண்டு தாளும் என்கிட்டதான் வந்துச்சு. முதல் தாளை வெச்சே கட்டுங்கன்னு சொன்னது நான்."

"ஏன்?" என்றார் முதலாளியம்மா.

அதற்கு அவர் பதில் சொல்லவில்லை, அல்லது சொன்னார், ஆனால் முதலாளியம்மாவிடம் இல்லை. அவள் பக்கம் திரும்பினார்.

"தாளைப் படிச்சதும் மகளுக்குப் படம் எடுத்து அனுப்பினேன். அவங்ககிட்டயே கேளுப்பான்னு சொன்னா. மறுநாள் நீங்க மென்பொருள்னு சொன்னதும் கேக்க வாய் வரலீங்க. நிஜமாவே மென்பொருளா இருந்துட்டா என்ன பண்றதுன்னு பயம்." ஒரு கணம் நிறுத்தினார். "ஒருவேளை நீங்கதான்னா, எந்த ஜன்னல்ல உக்காருவீங்கன்னும் தெரியல. அதான் எல்லாத்துலயும் கட்டச் சொல்லிட்டேன்."

முதலாளியம்மாவுக்கு எத்தனையோ குறை உண்டு, மூளை இல்லை என்று மட்டும் யாரும் சொல்ல முடியாது. அளவு நாடாவைக் கையில் எடுத்துக்கொண்டு, "கொத்தனாரே, அந்தப் பக்க மட்டத்தைக் காட்டுங்க, இது கோணலா இருக்கற மாதிரி தெரியுது," என்று அவரை ஓட்டிக்கொண்டு போனார். கோணல் எதுவும் இல்லை. கொத்தனார் வழியெல்லாம் அதைச் சொல்லிக்கொண்டே போனார்.

அவள் மேற்குச் சுவருக்கு நடந்தாள். வழி கேட்க வேண்டியிருக்கவில்லை. கண்ணில் நீர் நிறைந்து தெரிந்ததெல்லாம் கலங்கியது, துடைத்துக்கொள்ளவும் இல்லை. அவர் இரண்டடி பின்னால் வந்தார்.

"இதுவா?"

தலையை ஆட்டினாள்.

"ஈரம் காயல," என்று அடுத்த அறையிலிருந்து கொத்தனாரின் குரல் மட்டும் வந்தது. "நாளைக்கு உக்காரச் சொல்லுங்க."

லிஃப்ட்காரர் சுற்றிலும் பார்த்தார். பையிலிருந்து சுருட்டிய தாள் ஒன்றை எடுத்து உதறினார். மேகம் போட்ட தாள். அதை இரண்டாக மடித்துத் திண்டின் மேல் விரித்து, ஓரங்களை உள்ளங்கையால் நீவிவிட்டார். அவள் உட்கார்ந்தாள். கால் தரையைத் தொட்டது. கொஞ்சம் யோசித்து, பிறகு இரண்டு காலையும் முன்னால் நீட்டினாள். குறுக்கே யாரும் வரவில்லை.

"கதவரசி, அங்க உயரம் எப்படி இருக்கு?" என்று முதலாளியம்மா கத்திக் கேட்டார்.

"சரியா இருக்கு மேடம்," என்றாள்.

லிஃப்ட்காரர் இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தார், கையை எங்கே வைப்பதென்று தெரியாமல். அவள் தாளின் ஓர் ஓரத்துக்கு நகர்ந்து உட்கார்ந்தாள்.